காவிரி டெல்டா நகரங்களில் தண்ணீரும் ஊர்த் திட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்), மனைப்பிரிவு, வடிகால் என்று எங்கே பேச்செடுத்தாலும், தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை என்னிடம் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே ஓரிடத்தில் சேர்த்துவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள், போகப்போகச் சிக்கலானவை.

டவுன் பிளான்னா ரோடு, மனை, கடைவீதி. அதுல தண்ணிக்கு என்ன வேலை?

முழுமைத் திட்டம் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி தயாராகிறது. எங்கே குடியிருப்பு, எங்கே கடை, எங்கே தொழிற்சாலை, எங்கே விவசாயம் என்று அது ஊரை நிறம் பிரிக்கிறது. ஒரு நஞ்சைத் துண்டு குடியிருப்பு நிறத்துக்கு மாறுகிற அன்றே, அங்கே பெய்யும் மழை எந்தப் பக்கம் போகும் என்பதும் முடிவாகிவிடுகிறது. நகராட்சி அதற்குப் பல வருடம் கழித்து வடிகால் கட்ட வரும்போது, வடிகாலுக்கான இடம் யாரோ ஒருவருடைய காம்பவுண்டுக்குள் இருக்கும். அதனால்தான் தண்ணீரின் வழியை முதலில் வரைந்துவிட்டு, மிச்ச இடத்தில் மனை பிரிக்க வேண்டும் என்கிறேன்.

நம்மளது ஆத்துப் பாசன ஊர். தண்ணிப் பஞ்சமெல்லாம் மெட்ராஸ்காரங்க கவலைதானே?

தஞ்சாவூர், கும்பகோணம், வேதாரண்யம் எல்லாம் குடிப்பது கொள்ளிடத்து மணலுக்குள்ளிருந்து எடுக்கும் தண்ணீரைத்தான். மேட்டூரில் 120 அடிக்கு நிரம்பினால் 93.47 டிஎம்சி. ஜூன் 12-இல் அணை திறப்பது மரபு என்றாலும், 1934-இலிருந்து கணக்குப் பார்த்தால் அந்தத் தேதியில் திறந்த ஆண்டுகளைவிடத் தவறிய ஆண்டுகளே அதிகம். 2018 தீர்ப்பில், கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் திறந்துவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 177.25 டிஎம்சி. அந்தத் தண்ணீரும் மாதா மாதம் கேட்டு வாங்க வேண்டிய நிலையில்தான் வருகிறது.

ஆக, சித்திரையில் குடத்தோடு நிற்பதும் ஐப்பசியில் முழங்கால் தண்ணீரில் நிற்பதும் ஒரே தெருவாக இருக்கிறது. இந்த இரண்டையும் தனித்தனிப் பிரச்சினையாக, தனித்தனி இலாகா பார்ப்பதுதான் கோளாறு.

முன்னாடியும் இதே மழைதான் பெஞ்சுது. அப்ப நிக்காத தண்ணி இப்ப ஏன் நிக்குது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

மற்ற ஆறுகள் கடலை நோக்கிப் போகப்போக அகலமாகும். காவிரி அப்படியில்லை. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது, கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன, அப்புறம் அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு என்று பிரிந்து பிரிந்து, பூம்புகாரில் கடலைச் சேரும்போது காவிரி ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கிறது. பாசன ஆறுகளும் வாய்க்கால்களும் மேட்டு வரியில் ஓடும். அப்போதுதான் இரண்டு பக்கமும் தண்ணீர் பாயும். வயலில் மிஞ்சிய தண்ணீர் இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் வடிகாலாக இறங்கிக் கீழே இன்னொரு ஆற்றில் சேரும். மழைக்காலத்தில் நம் தெருவில் நிற்பது பெரும்பாலும் ஆற்று வெள்ளம் கிடையாது, நம் தலையில் பெய்த மழைதான். 2008 நவம்பரில் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர். இது போவதற்குப் பள்ளத்து வடிகாலைத் தவிர வேறு வழி இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு வேலி (சுமார் ஆறே முக்கால் ஏக்கர்) நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 27 லட்சம் லிட்டர். வயலாக இருந்தபோது வரப்புக்குள் அந்தத் தண்ணீர் ஓரிரு நாள் நின்று, மடையில் மெதுவாக இறங்கும். அதே வேலி மனையாகி, சிமென்ட் ரோடும் மாடி வீடுமாக மாறினால், அதில் பெரும்பகுதி ஓரிரு மணி நேரத்தில் வெளியே வரும். வடிகாலோ பழைய அகலத்தில்கூட இல்லை. வெங்காயத் தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் பாதியை அடைத்திருக்கும். மழை அதேதான் என்று வைத்துக்கொண்டாலும், அது வந்து சேரும் வேகம் மாறிவிட்டது.

வாய்க்காலுக்கு நாலு பக்கமும் வீடு வந்தாச்சு. பாசனமே இல்லை. அதை மூடி ரோடு போட்டா என்ன?

எல்லா ஊரிலும் வரும் கேள்வி இது. கேட்பவர்கள் பாதிப் பேர் வாய்க்காலின் கொசுவும் நாற்றமும் தாங்காமல் கேட்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் டெல்டாவில் மேலூருக்கு வடிகாலாக இருப்பதுதான் கீழூருக்குப் பாசன வாய்க்கால். உங்கள் தெருவில் பாசனம் நின்றதால் அதன் வேலை முடியவில்லை. மேலே இருக்கும் நாலு தெருவின் மழைநீர் அந்த வழியாகத்தான் போகிறது, கீழே இன்னும் நூறு மா (சுமார் 33 ஏக்கர்) நிலம் அதை நம்பியிருக்கலாம்.

மூடுவது என்றால் பெரும்பாலும் ஓர் அகலமான மண் வாய்க்காலைக் குறுகலான சிமென்ட் பெட்டிக்குள் அடைப்பதாகவே முடிகிறது. உள்ளே சேறு படிந்தால் யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் இறங்கி வாருவது ஆபத்து. திறந்த வாய்க்காலின் அடைப்பு கண்ணுக்குத் தெரியும். கொசுவுக்கு மருந்து, அதில் சாக்கடையை விடாமல் இருப்பது. அது தனிக் கேள்வி, கீழே வருகிறது.

ஆற்றிலிருந்து பிரியும் பெரிய வாய்க்கால்களை ஏ, பி என்றும், அவற்றிலிருந்து வயலுக்குப் பிரியும் சிறியவற்றை சி, டி என்றும் சொல்வார்கள். ஏ, பி வாய்க்கால்களை நீர்வளத் துறை பார்க்கிறது. சி, டி வாய்க்கால்கள் ஊர்க்காரர்கள் பொறுப்பு. பாசனக்காரர்கள் நிலத்தை விற்றுவிட்டுப் போனதும் சி, டி வாய்க்காலுக்கு ஆளே இல்லை. தூர் வாரும் பட்டியலில் அவை வருவதும் குறைவு. நகர எல்லைக்குள் வந்த சி, டி வாய்க்கால்களை மழைநீர் வடிகால் என்று பதிவு செய்து மாநகராட்சியின் பெயரில் எழுதிக்கொடுத்தால்தான் இதற்கு முடிவு.

மூணு அடி மண் அடிச்சு மனையை உசத்திட்டோம். இனி எங்களுக்குப் பிரச்சினை இல்லைல்ல?

உங்களுக்கு இல்லை, பக்கத்து வீட்டுக்கு உண்டு. அவரும் அடுத்து நாலு அடி அடிப்பார். அப்புறம் ரோட்டின் மேலேயே ரோடு போட்டு அதுவும் உயரும். 2021-இல் தலைமைச் செயலாளர் ஓர் உத்தரவு போட்டார்: பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று. உங்கள் தெருவில் வேலை நடக்கும்போது வாசலில் நின்று இந்த உத்தரவை நினைவூட்டுங்கள்.

மனைப்பிரிவு முழுவதற்கும் ஒரே தரைமட்டத்தை அனுமதியிலேயே குறிக்க வேண்டும். வடிகாலின் அடிமட்டத்தைப் பார்த்து ரோட்டு மட்டம், அதைப் பார்த்து வீட்டு மட்டம் என்று வரிசை போக வேண்டும். இங்கே தலைகீழாக நடக்கிறது.

டிடிசிபி அப்ரூவல் இருக்கு, ரெரா நம்பர் இருக்கு. அப்புறம் எப்படித் தண்ணி வரும்?

ரெரா நம்பர் என்பது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்த எண். டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககம், தரும் அப்ரூவல் என்பது உங்கள் மனைப்பிரிவுக்குள் ரோடு எத்தனை அடி, பூங்காவுக்கு எவ்வளவு, மனை அளவு என்ன என்பதைச் சரிபார்த்துத் தருவது. நீர்நிலையை ஒட்டிய இடமென்றால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள். அந்தச் சான்றில் இத்தனை அடி உயர்த்த வேண்டும், இந்த வாய்க்காலை இத்தனை அகலத்தில் விட வேண்டும் என்று நிபந்தனைகள் இருக்கும். மனை விற்பவர் உங்களிடம் காட்டுவது வண்ண லேஅவுட்டை, அந்த நிபந்தனைத் தாளை அல்ல. கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு ஓட்டை இருக்கிறது. ஒவ்வொரு மனைப்பிரிவும் தனியாகப் பார்த்தால் சரியாகவே இருக்கும். ஒரே வடிகாலின் மேல் பத்து மனைப்பிரிவு வந்தால் அந்தப் பத்தின் தண்ணீரையும் அது தாங்குமா என்று கூட்டிப் பார்க்கும் இடம் முழுமைத் திட்டம் ஒன்றுதான். அங்கே கூட்டவில்லை என்றால் எங்கேயும் கூட்ட மாட்டார்கள்.

3,000 சதுர மீட்டருக்கு மேல் போகும் மனைப்பிரிவில் 10 சதவீதம் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும். வழக்கமாக எதற்கும் ஆகாத மூலையைக் கொடுப்பார்கள். என் யோசனை, இருப்பதிலேயே தாழ்வான மூலையைக் கேட்டு வாங்கி, இரண்டு மூன்று அடி பள்ளமான பூங்காவாக அமைப்பது. வருடத்தில் பதினொரு மாதம் பிள்ளைகள் விளையாடட்டும், ஒரு மாதம் தண்ணீர் நிற்கட்டும்.

அப்ரூவல் இல்லாத மனையை வரன்முறை பண்ணிக்கலாம்னாங்களே?

2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கு 2017-இல் அந்தத் திட்டம் வந்தது. வாய்க்கால், குளம் போன்ற நீர்நிலை இடத்தில் உள்ள மனைக்கு அது பொருந்தாது.

வாங்கறதுக்கு முன்னாடி நாங்களே எதைப் பார்க்கலாம்?

புல வரைபடம், அதாவது எஃப்எம்பி. அதில் உங்கள் சர்வே எண்ணின் ஓரத்திலோ குறுக்கிலோ இரட்டைக் கோடு போனால் வாய்க்காலாகவோ பாதையாகவோ இருக்கும். அப்புறம் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அந்த எண் வாய்க்கால் புறம்போக்கா, குட்டையா என்று பாருங்கள். பட்டா இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். நீர்நிலையில் கொடுத்த பட்டா நீதிமன்றத்தில் நிற்காமல் போயிருக்கிறது. குளம் குட்டைகளை வேறு உபயோகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2001-லேயே சொல்லியிருக்கிறது.

காகிதத்துக்கு அப்புறம் கால். மனைக்கு முன்னாலுள்ள மெயின் ரோட்டின் அடியில் தண்ணீர் கடந்து போகும் மதகு ஏதாவது இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். ரோட்டுக்கு ஒரு பக்கம் வாய் திறந்து, மறு பக்கம் மண் மூடிக் கிடந்தால், மூடிய பக்கம்தான் உங்கள் மனை என்றால், திரும்பி வந்துவிடுங்கள். வாய்க்காலில் தண்ணீர் திறந்து மூடும் அந்தப் பகுதி லஸ்கரிடமும், பக்கத்து வயல்காரரிடமும் ஒரு டீ சாப்பிட்டுக்கொண்டே பேசினால் எந்த இலாகாவும் தராத தகவல் கிடைக்கும். முடிந்தால் கார்த்திகை மாதத்தில் போய்ப் பாருங்கள். மனை விற்பவர்கள் பங்குனியில்தான் கூப்பிடுவார்கள்.

மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டினோம். தண்ணி கீழ இறங்கவே மாட்டேங்குது. ஏமாத்து வேலையா?

ஏமாற்று இல்லை, மண் வேறு. 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, மணற்பாங்கான சென்னைக் கடலோரத்துக்குப் பொருந்தும் உறிஞ்சு குழியையே எல்லா இடத்திலும் தோண்டினோம். பழைய டெல்டாவில் மேலே களிமண். ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீரும் மேலேயே வந்து நிற்கும். அங்கே குழிக்குள் விட்ட தண்ணீர் எங்கே இறங்கும்?

தஞ்சாவூரையே எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கே வல்லம் பக்கம் செம்மண்ணும் செம்புறைக் கல்லும், குழி நன்றாக வேலை செய்யும். வடக்கே ஆற்றுப் பக்கம் வண்டல், அங்கே தரைக்குள் இறக்குவதைவிடத் தொட்டியில் பிடித்து வைப்பதுதான் புத்திசாலித்தனம். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 10 சென்டிமீட்டர் மழைக்கு 9,000 லிட்டருக்கு மேல் விழும். குடிக்கவும் சமைக்கவும் ஒரு குடும்பத்துக்கு அது சில மாதம் வரும். தெருவுக்குத் தெரு மண் பார்த்து விதி எழுத வேண்டும். ஒரே நகரத்துக்கு ஒரே வரைபடம் போதாது.

சிலர் அவசரத்தில் தெருத் தண்ணீரை நேராக போர்க் குழாய்க்குள் விடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். சாக்கடை கலந்தால் தெருவே கெடும்.

குளத்தைத் தூர் வாரி, சுத்திக் கம்பி வேலி, நடைபாதை, லைட்டு எல்லாம் போட்டாச்சு. அப்பவும் குளம் ஏன் காயுது?

வரத்து வழியைத் தேடாமல் குளத்தை மட்டும் அழகு பண்ணியதால்.

நம் ஊர்க் குளங்கள் எதுவும் தனியாக இருந்ததில்லை. திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பார்கள். கமலாலயத்தின் அளவைச் சொல்லும்போதே ஓடையையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் அது. தஞ்சாவூரில் சேவப்பநாயக்கன் ஏரியில் மழைநீர் சேர்ந்து, தெளிந்து, நிலத்துக்கடியில் போகும் வழியாகச் சிவகங்கைக் குளத்துக்கு வந்தது. அங்கிருந்து ஊருக்குள் இருக்கும் குளங்களுக்குப் போனது. பொலிவுறு நகரத் திட்டத்தில் அய்யன்குளத்தைச் சீரமைத்தபோது சிவகங்கைக் குளத்திலிருந்து வரும் பழைய நிலத்தடி வழியைத் தேடித் திறந்தார்கள். குளத்தில் தண்ணீர் நின்றது. டைல்ஸ் போட்டதால் அல்ல.

எனவே ஒரு குளத்துக்கு மூன்று விஷயம் கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து வரும், நிரம்பினால் எங்கே போகும், அந்த இரண்டு வழியும் யார் பெயரில் இருக்கின்றன. ஓர் ஏக்கர் குளத்தில் ஒரு மீட்டர் ஆழம் காலியாக இருந்தால் 40 லட்சம் லிட்டர் வெள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும். அடியில் சிமென்ட் பூசுவதும் கரையைச் செங்குத்துச் சுவராக எழுப்புவதும் கூடாது. மகாமகக் குளம் மாதிரி தீர்த்தக் குளங்களின் கதை வேறு. 2028 மகாமகத்துக்குள் கும்பகோணத்தின் மற்றக் குளங்களுக்கும் வரத்து திறந்தால், அதுவே பெரிய புண்ணியம்.

பாதாளச் சாக்கடை வந்துட்டா எல்லாம் சரியாயிடுமா?

வீட்டுக் கழிவு வாய்க்காலில் கலப்பது குறையும். மழைநீர்ப் பிரச்சினை தீராது, அது வேறு குழாய், வேறு கணக்கு. மழை நேரத்தில் மாடித் தண்ணீரைப் பாதாளச் சாக்கடையில் திருப்பிவிடுகிறவர்கள் நிறைய. அப்புறம் மூடி தூக்கிக்கொண்டு வருவது மழைநீர் மட்டுமாக இருக்காது.

டெல்டாவுக்கென்று கூடுதல் சிக்கல் உண்டு. தரை சமதளம், அதனால் சரிவு கொடுக்கக் குழாய் ஆழமாக இறங்கிக்கொண்டே போகும். நிலத்தடி நீர் மேலே இருப்பதால் கொஞ்சம் விரிசல் விட்டாலும் ஊற்று உள்ளே புகும், சுற்றியுள்ள மண்ணையும் இழுத்துக்கொண்டு வரும். மயிலாடுதுறையில் குழாய் உடைந்து சாலை உள்வாங்கிய செய்தியைப் பலமுறை படித்திருப்பீர்கள். புதிய நகர்களுக்கு ஆழமில்லாத சிறு குழாயும், பகுதிவாரியான சிறு சுத்திகரிப்பும்தான் பொருத்தம் என்பது என் கருத்து.

கடலோரத்துல எங்க போர் உப்பாயிடுச்சு. இதுவும் பிளானிங் சமாச்சாரமா?

ஆமாம். நன்னீரை மேலிருந்து அதிகமாக உறிஞ்சினால் கடல்நீர் அடியில் உள்ளே வரும். ஆற்று வழியாகவும் ஏறி வரும், அதைத் தடுக்கத்தான் கடைமடையில் ரெகுலேட்டர்கள், அதாவது கதவு வைத்த சிறு அணைகள். வெண்ணாற்றுப் படுகையில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு போன்றவற்றில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் இந்த வேலைகள் நடந்தன.

நாகப்பட்டினம் மாதிரி ஊரில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடல் ஏற்றமாக இருக்கும் சில மணி நேரம் எந்த வடிகாலும் வெளியே விடாது. அந்த நேரத்து மழையைப் பிடித்து வைக்க ஊருக்குள் பள்ளமும் குளமும் இருந்தே ஆக வேண்டும். வடிகாலை எவ்வளவு அகலப்படுத்தினாலும் இதற்கு மாற்று இல்லை.

வேளாண் மண்டலச் சட்டம் வந்தாச்சே. இனிமே வயலை மனையாக்க முடியாதுதானே?

முடியும். 2020-ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு ஆய்வு, மீத்தேன், உருக்காலை, தோல் பதனிடுதல் போன்ற திட்டங்களை. வீட்டு மனையை அது தொடவில்லை. திருச்சி, அரியலூர், கரூர் மாவட்டங்கள் அந்தச் சட்டத்துக்குள் வரவே இல்லை. நஞ்சையை மனையாக்கத் தனி அனுமதி வேண்டும், அதில் வேளாண் துறையின் கருத்தும் கேட்கப்படும். ஆனால் மூன்று நான்கு போகம் தரிசாகப் போட்டுவிட்டு ‘இது விவசாயத்துக்கு ஆகாத நிலம்’ என்று எழுதி வாங்குவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பாதுகாப்பு இருக்க வேண்டிய இடம் முழுமைத் திட்டத்தின் நிறம்.

ஆக்கிரமிப்புன்னு சொன்னா குடிசையைத்தான் இடிப்பாங்க. அதுக்கு என்ன சொல்றீங்க?

நியாயமான கோபம். ஏரியிலும் குளத்திலும் பேருந்து நிலையமும் அலுவலகமும் கட்டியதில் அரசுக்கே பெரிய பங்கு. அதனால் வரிசையை மாற்றச் சொல்கிறேன். தண்ணீரை அதிகம் தடுப்பது எது என்று முதலில் அளக்க வேண்டும். அப்படி அளந்தால் முதலிடத்தில் பெரும்பாலும் குறுகலான அரசு மதகும், பைபாஸ் ரோட்டின் மண் கரையும், வாய்க்காலை உள்ளே இழுத்துக் கட்டிய பெரிய காம்பவுண்டும்தான் வரும். கரையில் இருக்கும் குடிசை அப்புறம்தான்.

அவர்களை மாற்ற வேண்டியிருந்தால் அதே ஊரில், பிழைப்புக்கு நடந்து போகும் தூரத்தில் இடம் கொடுக்க வேண்டும். அந்த இடத்தையும் முழுமைத் திட்டத்திலேயே ஒதுக்கிவைக்கலாம். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி வீடு கொடுத்தால் ஆறு மாதத்தில் திரும்பக் கரைக்கே வருவார்கள்.

தண்ணிக்கே இடம் விட்டுக்கிட்டிருந்தா ஊர் எங்க வளரும்? எங்க பிள்ளைங்களுக்கு வீடு வேண்டாமா?

வேண்டும். பழைய ஊரைக் கொஞ்சம் பாருங்கள்: வீடுகள் மேட்டில், வயல் பள்ளத்தில். அதே வரியில் இன்றைக்கும் வளரலாம். தஞ்சாவூருக்குத் தென்மேற்கே மேட்டு நிலம் இருக்கிறது, அங்கே வளர்வதில் தண்ணீருக்குப் பெரிய கேடில்லை. கும்பகோணத்துக்கு அந்த வசதி கிடையாது. வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, சுற்றிலும் நஞ்சை. அங்கே படர்வதைவிட இருக்கும் இடத்தில் மேலே கட்டுவதும், பழைய காலி மனைகளை நிரப்புவதும்தான் வழி. வடிகாலின் இரண்டு பக்கமும் சில மீட்டர் விட்டுவிட்டால் அது நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் இருக்கும், தூர் வாரும் பொக்லைன் இறங்கவும் இடம் கிடைக்கும். மனைக்காரருக்கு இதில் நஷ்டம் என்றால், அந்த அளவுக்கு வேறு இடத்தில் கூடுதல் மாடி கட்ட அனுமதி கொடுத்து ஈடு செய்யலாம்.

இதெல்லாம் ஆபீசர்ங்க வேலை. நாங்க என்ன பண்ண முடியும்?

முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது ஆட்சேபணை, ஆலோசனை சொல்ல இரண்டு மாதம் தருவார்கள். பெரும்பாலும் வருவது ‘என் சர்வே எண்ணைக் குடியிருப்பாக்குங்கள்’ என்ற மனுக்கள்தான். ‘இந்த எண்ணில் வடிகால் போகிறது, வரைபடத்தில் காணோம்’ என்று புல வரைபட நகலுடன் ஒரு மனு போனால் அதைப் பரிசீலித்தாக வேண்டும். ஊராட்சி என்றால் மார்ச் 22 கிராம சபையிலேயே வாய்க்கால் பட்டியலைத் தீர்மானமாகப் போடலாம், மாநகராட்சி என்றால் பகுதி சபையில்.

மழையில போட்டோ எடுத்து வச்சா உதவுமா?

உதவும், ஆனால் பொத்தாம் பொதுவாக எடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். தண்ணீர் நின்ற உயரத்தை ஒரு நிரந்தரச் சுவரில் பெயின்டால் கோடு போடுங்கள், பக்கத்தில் தேதி எழுதுங்கள், எத்தனை மணிக்கு வடிந்தது என்பதையும் குறியுங்கள். மதகின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் படம் எடுங்கள். ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் தண்ணீர் தெரிந்தால், அடைப்பு அந்த மதகில்தான். அந்த இரண்டு படமும், அன்றைய மழையளவும், சர்வே எண்ணும் ஒரே தாளில் இருந்தால் உதவிப் பொறியாளர் இடத்தைப் பார்க்க வருவார்.